வீட்டுக்குரல்

"வணக்கமுங்கய்யா. காப்பி சூடு சரியா இருக்குதுங்களா? நொய்யல் புதுப் பதிப்பு ஒண்ணு வந்திருக்குதுங்க. உங்களுக்கு ஒழிஞ்ச நேரமாப் பாத்து ரெண்டு வார்த்த சொல்லிக்கட்டுங்களா?"

சமையலறைச் சுவரில் இருந்த ஒலிபெருக்கி இப்படிக் குழைந்தபோது, தரணிதரன் வாயில் இருந்த காப்பியை விழுங்கவில்லை. எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் துப்பினார். தம்ளரில் மிச்சம் இருந்ததையும் கொட்டினார்.

"வேண்டாம்" என்றார்.

"சரிங்கய்யா. உங்க மனசுபோலங்க."

அந்தக் குரலை அவரால் சகிக்க முடியவில்லை. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் எண்ணெயில் முக்கி எடுத்துக் கையில் வைப்பதுபோல ஒரு பிசுபிசுப்பு. தோளைக் குறுக்கி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறவனின் பேச்சு. அவர் வம்சத்தில் யாரும் அப்படி யார் வாசலிலும் நின்றதில்லை. தம் வீட்டுச் சுவருக்குள் இருந்து அப்படியொரு குரல் வருவதே அவருக்குக் குமட்டியது.

இத்தனைக்கும் நொய்யல் பிறந்தது அவர்கள் இடத்தில்தான். அவருடைய தகப்பனார் குழந்தைசாமியின் நூற்பாலை மூடிக் கிடந்த காலத்தில், கணினி படித்த பிள்ளைகள் சிலர் உட்கார்ந்து வேலை பார்க்க இடம் தேடி அலைந்தார்கள். யாருக்கும் சொந்தமில்லாத ஓர் இயங்குதளம் செய்யப்போகிறோம், எவர் வேண்டுமானாலும் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம் என்றார்கள். பெரியவருக்கு அதில் பாதி புரியவில்லை. ஆனால் ஒளிவுமறைவு இல்லாத காரியம் என்பது மட்டும் புரிந்தது. பஞ்சுக் கிடங்கின் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். இன்று கோயம்புத்தூரில் பாதி வீடுகளில் மின்தூக்கி, அடுப்பு, வயதானவர்கள் முழங்காலில் கட்டிக்கொள்ளும் நடைக்கட்டு எல்லாவற்றுக்குள்ளும் ஓடுவது நொய்யல்தான். அந்தக் கிடங்கின் வாசலில் 'குழந்தைசாமி கூடம்' என்று இப்போதும் எழுதியிருக்கிறது. நிர்வாகக் குழுவில் தரணிதரன் சொன்ன சொல்லை இதுவரை யாரும் தட்டியதில்லை.

அந்த நொய்யல்தான் அவர் மனைவி சுகந்தியைக் கீழே தள்ளியது.

பேத்தி மித்ராவின் கல்யாணம். மணமேடைக்கு நல்ல உயரமான படிகள். சுகந்தி கீழே நின்று, "ஏனுங்க, நான் இங்கயே நின்னுக்கட்டுங்களா?" என்று கேட்டாள். முழங்கால் வலி என்று நினைத்தார். "சம்பந்தி வீடு பாக்குது. ஏறு" என்றார். "சரிங்க" என்று ஏறினாள். பாதிப் படியில் நடைக்கட்டு மரக்கட்டைபோல விறைத்துக்கொண்டது. பட்டுப்புடவையோடு அவள் பின்னால் சாய்ந்து விழுந்த சத்தத்தில் நாதஸ்வரம் நின்றுபோயிற்று. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது.

அதைவிடவும் அவரைத் தைத்தது, பந்தியில் சம்பந்தி வீட்டு அம்மாள் ஒருத்தி பக்கத்து இலைக்காரியிடம் சொன்னது. "அந்தக் கருவி இவிய கட்டடத்துல செஞ்சதுதானாம். அது என்ன செய்யும்னு இவிய ஊட்டுக்கே தெரியலியாம். நாமதான் பெரிய ஊடுன்னு சம்பந்தம் பண்ணிப்போட்டோம்."

அவர் பிறகு நொய்யல் தளத்தில் தேடிப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்பு வந்த பதிப்பின் குறிப்பில் அது பளிச்சென்றுதான் இருந்தது. பழைய நடைக்கட்டுகளில் மூட்டு மடங்கி விழுவதைத் தடுக்க ஒரு திருத்தம். அதனால் படியில் ஏறும்போது மூட்டு பூட்டிக்கொள்ளலாம். புதிய கட்டு வாங்கும்வரை படி ஏறக் கூடாது. உலகம் முழுக்கத் திறந்து வைத்த குறிப்பு. அவர் வீட்டுக்கு மட்டும் வரவில்லை. வந்ததெல்லாம் இந்தக் குழைவுதான்.

சட்டையை மாற்றிக்கொண்டு கிடங்குக்குப் புறப்பட்டார்.

*

குறிப்புகளுக்குப் பொறுப்பானவள் ஆதிரை. முப்பதைத் தாண்டாத பெண். பதிப்புச் சேதியை வீடுதோறும் பேசிச் சொல்லும் வீட்டுக்குரல் அவள் யோசனை. அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"உக்காருங்க சார். அம்மா எப்படி இருக்காங்க?"

"அத விசாரிக்கற யோக்கியத இந்தக் கட்டடத்துல யாருக்கும் இல்ல, அம்மிணி."

அவள் முகம் சிவந்தது. அவர் உட்காரவில்லை.

"ஞாயித்துக்கிழம பொதுக்கூட்டத்துல தீர்மானம் கொண்டாரேன். உன்ற வீட்டுக்குரல் எந்த வீட்டுலயும் இருக்கக் கூடாது. வேரோட பிடுங்கணும். யாருமே எதிர்க்க மாட்டாங்கன்னு உனக்கும் தெரியும்."

"தெரியுமுங்க சார்."

"அந்தக் காலத்துல ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு குறிப்பு எழுதுவாங்க. இங்கிலீஷ்ல, பக்கம் பக்கமா. தலையும் புரியாது வாலும் புரியாது. ஆனா அது யார் காலையும் நக்கல. எளிமையாக்கறேன் எளிமையாக்கறேன்னு நீங்க என்ன பண்ணிப்போட்டீங்க? நல்லதச் சொல்லுது, காப்பி சூடு கேக்குது, கழுத்து ஒடியற சங்கதிய முழுங்கிப்போடுது."

"அந்தப் பக்கம் பக்கமானத யாரு சார் படிச்சாங்க?" ஆதிரையின் குரல் தாழ்ந்துதான் இருந்தது, ஆனால் நடுங்கவில்லை. "எங்க சித்தப்பா மாவு மில்லு வெச்சிருந்தாரு. புதுப் பதிப்புல நிறுத்தற பொத்தான் வேலை மாறியிருந்துச்சு. குறிப்புல தெளிவா எழுதியிருந்தாங்க. அவரு 'ஏத்துக்கறேன்'னு அமுக்கிட்டு வேலயப் பாக்கப் போனாரு. இன்னிக்கு அவருக்கு வலது கையில ரெண்டு வெரல்தான். குறிப்பு இருந்துச்சு சார். தொறந்துதான் இருந்துச்சு. அவருகிட்ட வந்து சேரல."

"அதனால?"

"அதனாலதான் வீட்டுக்கே அனுப்பினோம். அந்த வீட்டுல இருக்கற கருவிக்கு வேண்டியது மட்டும். அவங்க காது குடுக்கற நேரத்துல, அவங்களுக்குப் புரியற பேச்சுல. கேட்டவங்க அதத் திருப்பிச் சொல்லணும். சரியாத் திருப்பிச் சொன்னாத்தான் பதிப்பு கருவிக்குள்ள ஏறும்."

"என்ற வீட்டுல யாரும் எதையும் திருப்பிச் சொல்லல."

"யாரோ சொல்லியிருக்காங்க சார். இல்லாட்டி அம்மா நடைக்கட்டுல அது ஏறியிருக்காது."

தரணிதரன் மேசையில் கையை ஊன்றினார். "யாரு?"

"எங்களுக்குத் தெரியாதுங்க. வீட்டுல பேசறது வீட்ட விட்டு வெளிய வராது. அப்படித்தான் கட்டியிருக்கோம்." ஒரு கணம் தயங்கினாள். "நீங்க பிடிச்ச பிடிதானுங்க சார் அது. குடும்பத்துப் பேச்சு கிடங்குக்கு வரக் கூடாதுன்னு."

உண்மைதான். அதில் இப்போதும் அவருக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் தம் சொல்லையே எடுத்துத் தம் முன்னால் வைக்கிற சாமர்த்தியம் அருவருப்பாக இருந்தது.

"அது கெடக்கட்டும். அந்த ஈனப் பேச்ச அதுக்கு யாரு கத்துக் குடுத்தது? ஐயாங்குது, உங்க மனசுபோலங்குது. கேட்டா வாந்தி வருது."

ஆதிரை அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எல்லா வீட்டுலயும் அப்படிப் பேசாதுங்க சார்."

கைப்பேசியை எடுத்துச் சிங்காநல்லூரில் இருக்கும் தன் அத்தையை அழைத்தாள். "அத்தை, ஒரு சார் வந்திருக்காரு. நம்ம வீட்டுக்குரலக் கேக்கணுமாம். நடைக்கட்டுச் சங்கதிய மறுக்காச் சொல்லச் சொல்லுங்க, இவரும் கேட்டுக்கட்டும்" என்றாள். அந்தப் பக்கம் அடுப்பில் எதுவோ வதங்கும் சத்தம். அதற்குமேல் ஒரு குரல் கணீரென்று எழுந்தது.

"ஏ கண்ணம்மா, உருளக்கெழங்க அப்புறம் உரிச்சுக்கலாம், காத இங்க குடு. கால்ல அந்தக் கட்டோட படி ஏறுன, மூட்டு பூட்டிக்கும். விழுந்தயின்னா இருக்கற நாலு பல்லும் போயிரும். தீவாளிக்கு முறுக்க மோந்துதான் பாக்கணும்."

"போடா, உன்ற பல்ல மொதல்ல பாரு!" என்று அத்தை சிரித்தாள். "படி ஏறினா பூட்டிக்கும், ஏறக் கூடாது. ஆச்சா? சொல்லிட்டேன். போ."

ஆதிரை அழைப்பைத் துண்டித்தாள். "அந்த வீட்டுல எல்லாரும் அத்தைகிட்ட அப்படித்தான் பேசுவாங்க. யாருகிட்ட எப்படிப் பேசினா எடுபடும்னு அது வீட்டுலயே கேட்டுக் கத்துக்குது. நாங்க ஒரு வார்த்தகூட உள்ள வெக்கலீங்க."

"ஓ. இப்ப பழி என்ற வீட்டு மேலயா?"

"பழி இல்லீங்க சார்."

"அடக்கமாப் பேசற வீடு எங்க வீடு. பெரியவங்க முன்னால யாரும் குரல் உசத்த மாட்டாங்க. அது எங்க மரியாத. அந்த மரியாதைக்கும் இந்தக் கால் நக்கற பேச்சுக்கும் வித்தியாசம் தெரியாத யந்திரத்தக் கொண்டாந்து வெச்சுப்போட்டு, என்கிட்டயே வியாக்கியானம் பண்ற."

"வீட்டுல அதையே கேட்டுப் பாருங்க சார்" என்றாள் ஆதிரை. "நீங்க நேராக் கேட்டா அது மறைக்காது. மறைக்க அதுக்குத் தெரியாது."

தீர்மானத்தை அச்சுக்கு அனுப்பச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். வாசலில் தகப்பனாரின் பெயர்ப் பலகையில் ஒரு காக்கை எச்சமிட்டிருந்தது. துடைக்க ஆள் வரும்வரை அங்கேயே நின்று, துடைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏறினார்.

*

வீட்டில் யாரும் இல்லை. மருமகள் மருத்துவமனைக்குச் சாப்பாடு கொண்டுபோயிருந்தாள். அவர் சமையலறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு, சுவருக்கு நேராக உட்கார்ந்தார். ஒரு சுவரிடம் விசாரணை நடத்தும்படி ஆயிற்றே என்று உடம்பு கூசியது.

"கல்யாணத்துக்கு முன்னால வந்த பதிப்பு. படி ஏறக் கூடாதுன்னு அதுல இருந்துச்சே. சொன்னயா?"

"சொன்னேனுங்கய்யா."

"யாருகிட்ட?"

"மொதல்ல உங்ககிட்டத்தானுங்க வந்தேன். நீங்க மத்தியானச் சாப்பாட்டுக்கு உக்காந்திருந்தீங்க. அம்மா கால்கட்டுல ஒரு சங்கதிங்க, விழுந்துருவாங்கன்னு ஆரம்பிச்சேனுங்க."

அவருக்கு நினைவு வந்தது. அன்று காலைதான் வாசலில் முகூர்த்தக்கால் நட்டிருந்தார்கள். மஞ்சள் பூசிய அந்தக் கால் ஊன்றிவிட்டால் அப்புறம் வீட்டுக்குள் கெட்ட சேதி நுழையக் கூடாது. பங்காளி வீட்டில் சாவு விழுந்தால்கூடக் கல்யாணம் முடிகிறவரை காதில் போட மாட்டார்கள். அப்படியொரு நாளில் விழுவது, முறிவது என்று சுவர் பேசியது. "கால் நட்ட வீட்டுல என்ன பேச்சுப் பேசற? வாய மூடு!" என்று அவர் போட்ட சத்தத்தில், பந்தல்காரன்வரை எல்லோரும் அமைதியானார்கள். எந்த மானமுள்ள குடும்பத்துத் தலைவனும் அப்படித்தான் சொல்லியிருப்பான். அதில் அவருக்குத் தப்பொன்றும் தெரியவில்லை.

"அப்புறம்?"

"நீங்க வாய மூடச் சொன்னீங்க, மூடிட்டேனுங்க. அம்மா தனியா இருக்கறப்ப அம்மாகிட்டச் சொன்னேனுங்க. அம்மா திருப்பிச் சொன்னாங்க."

"என்னன்னு?"

"'இந்தக் கட்டோட படி ஏறினா நான் விழுந்துருவேன்'னுங்க. சரியாத்தானுங்க சொன்னாங்க."

தெருவில் யாரோ பழைய இரும்புக்குக் கூவிக்கொண்டு போனார்கள். அவர் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"என்கிட்ட ஏன் மறுபடி வரல?"

"அம்மாதானுங்க வேண்டாம்னாங்க. 'கல்யாணம் முடியட்டும், இப்பச் சொன்னா அவருக்குக் கோவம் வரும், கல்யாண வீடு தாங்காது'ன்னாங்க. நீங்க கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனுங்கய்யா. நீங்க கேக்கலீங்க. காப்பி போடச் சொல்லட்டுங்களா?"

"வாய மூடு."

"சரிங்கய்யா."

அந்தச் 'சரிங்க'வில் ஏதோ ஒன்று அவரை உறுத்தியது. எங்கேயோ கேட்ட இழுவை. எங்கே என்று யோசிக்க அவர் விரும்பவில்லை. கை கழுவினார். கழுவின கையை மறுபடி கழுவினார். பிறகு மருத்துவமனைக்குக் கிளம்பினார்.

*

தாழ்வாரத்தில் நடந்துபோகும்போதே சத்தம் கேட்டது. சுகந்தியின் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே யாரோ அவளை அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எத்தன தடவ சொல்றது? சொன்னாப் புரியாதா உனக்கு? காலத் தொங்கப் போடாத. புதுக் கட்டு, புதுப் பதிப்பு. கால் தொங்கினா நரம்பப் பிடிச்சு இழுக்கும். எங்க, திருப்பிச் சொல்லு."

தரணிதரனுக்கு ரத்தம் கொதித்தது. குழந்தைசாமி வீட்டு மருமகளிடம், படுக்கையில் கிடக்கிற வயதான பெண்பிள்ளையிடம், நாயை விரட்டுவதுபோல ஒருவன் பேசுகிறான். கேட்க ஆளில்லை என்று நினைத்துவிட்டான். எந்த வார்டு பையன், எந்த டாக்டர், யாராக இருந்தாலும் இன்றோடு அவன் இங்கே வேலை பார்க்கப்போவதில்லை. கதவைக் கையால் அறைந்து தள்ளிக்கொண்டு நுழைந்தார்.

"எவன்டா அவன்?"

அறையில் சுகந்தி மட்டும்தான் இருந்தாள். காலில் புதுக் கட்டு. கட்டில் சட்டத்தில் சின்னதாக ஓர் ஒலிபெருக்கி.

"வந்துட்டீங்களா" என்றாள். "யாரும் இல்லீங்க. நம்ம வீட்டுக்குரல்தானுங்க. எனக்குப் பொழுது போகட்டும்னு மித்ரா கொண்டாந்து கட்டோட சேத்து வெச்சா."

அவர் அந்தப் பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"உன்கிட்ட... இப்படியா பேசும்?"

"எப்பவும் இப்படித்தானுங்க."

"நான் கேட்டதே இல்லியே."

"நீங்க இருக்கறப்ப உங்ககிட்டத்தானுங்க பேசும்." அவள் போர்வையின் ஓரத்தை நீவிவிட்டாள். "பழகிப்போச்சுங்க."

குரல் காத்திருந்தது. பொறுமை இழந்து, "என்ன, காது கேக்கலியா? திருப்பிச் சொல்லுன்னேன்" என்றது. கடைசிச் சொல்லைத் தரையில் போட்டு மிதிக்கிற அந்த அழுத்தம். மூக்கால் ஒரு மூச்சை விட்டுவிட்டு வாக்கியத்தைத் தொடங்குகிற அந்த வழக்கம். கால் நட்ட அன்று பந்தல்காரன்வரை வாயடைக்க வைத்தது அதுதான். அவர் ஒரு எட்டு வைத்துப் பெட்டியை அணைக்கக் கை நீட்டினார்.

"நிறுத்தாதீங்க" என்றாள் சுகந்தி. "இன்னும் மிச்சம் இருக்குது. திட்டினாலும் முழுசாச் சொல்லிப்போடுமுங்க."

கை அந்தரத்தில் நின்றது. தொண்டையில் காலைக் காப்பியின் கசப்பு மறுபடி ஏறிவந்தது. இந்த முறை துப்பத் தொட்டி இல்லை. விழுங்கிக்கொண்டார்.

"தெரிஞ்சும் ஏன் ஏறுன?"

அவள் அவரை வியப்போடு பார்த்தாள். இதையெல்லாம் கேட்பார்களா என்பதுபோல.

"நீங்க ஏறுன்னீங்க" என்றாள்.

பையில் கைப்பேசி அதிர்ந்தது. ஆதிரை. அவர் சன்னல் பக்கம் திரும்பி நின்று எடுத்தார்.

"சார், தீர்மானம் அச்சாயிருச்சுங்க. எல்லாருக்கும் அனுப்பிரட்டுங்களா?"

"வேண்டாம். தீர்மானத்தையே எடுத்துடு."

"ஏன் சார்? வீட்டுல கேட்டீங்களா? ஞாயித்துக்கிழம காரணம் கேப்பாங்களே, என்ன சொல்..."

"அது எங்க வீட்டுச் சமாச்சாரம்." மூக்கால் ஒரு மூச்சு வெளிவந்தது. "வேண்டாம்னா வேண்டாம். திருப்பித் திருப்பிக் கேக்காத."

முதுகுக்குப் பின்னால் சுகந்தி கட்டில் பெட்டியிடம் தணிந்த குரலில் எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். எப்போது எழுந்து நடக்கலாம் என்று கேட்டிருப்பாள்போல.

"எலும்பு கூடட்டும். திருப்பித் திருப்பிக் கேக்காத" என்றது அது.

"சரிங்க" என்றாள் சுகந்தி.

அவர் திரும்பவில்லை. திரும்பினால், அவள் யாரைப் பார்த்து அதைச் சொன்னாள் என்று தெரிந்துவிடும்.